பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும்: டர்போ எஞ்சினின் வரலாறு

நம் காலனியில் மரத்தடிகளில் நிற்கும் சிறு கார்கள் பலவற்றின் பின்கதவில் இப்போது 'டர்போ' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதை அன்பர்கள் கண்டிருப்பர். அவ்வண்டிகளைச் சுற்றி மாலை வேளைகளில் கூடும் நம் இளைஞர்களின் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. கம்பெனி மாட்டிய சிறு டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றை மாட்டினால் வண்டியின் சக்தி இரட்டிக்காதா? அவ்வாறு இரட்டிக்குமாயின், கம்பெனியாரே ஏன் அதைச் செய்யவில்லை?

கேள்வி நியாயமானதே. ஆனால் இக்கேள்வி புதியதன்று. அமெரிக்கா, ஜெர்மனி, ஸ்வீடன், ஜப்பான் ஆகிய நாடுகளின் பொறியாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இதனோடு மல்லாடியிருக்கின்றனர். சிலர் பெருங்கம்பெனிகளின் பணத்தை இதில் இழந்தனர். வண்டி ஓட்டிய சிலர் உயிரையே இழந்தனர். அவர்கள் கண்ட விடை என்ன என்பதை வரலாற்று முறையில் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எஞ்சின் என்பது காற்றை உண்டு வாழ்வது. பெட்ரோலை நாம் விலை கொடுத்து வாங்குவதால் அதனையே எஞ்சினின் உணவென்று எண்ணுகின்றோம். உண்மையில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு பாய்ச்சுதல் எளிது. காற்றை உள்ளே நுழைத்தலே அரிது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று தானாக வந்து விழுகின்றதோ, அவ்வளவே சாதாரண எஞ்சினுக்குக் கிடைப்பது. மெக்கானிக்குகள் கையாளும் ஒரு கைக்கணக்கு உண்டு. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த காற்றைக் கொள்ளும் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழப் பத்துக் குதிரைசக்தி தரும். நூற்றைம்பது குதிரைசக்தி வேண்டுமெனில் நிமிடத்துக்குப் பதினைந்து பவுண்டு காற்று. இக்கணக்கை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். இனி வரும் செய்திகள் அனைத்தும் இதனோடு தொடர்புடையன.

ஸ்விட்சர்லாந்து நாட்டின் வின்டர்தூர் நகரத்தில் 1879-ஆம் ஆண்டில் பிறந்த ஆல்ஃபிரெட் பூக்கி என்பார் எஞ்சினின் புகைக்குழாயை ஒரு செலவுக் கணக்காகப் பார்த்தவர். எரிந்த எண்ணெயின் வெப்பத்தில் பெரும்பகுதி அக்குழாய் வழியே வானத்திற்குப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம்; அச்சக்கரத்தின் அச்சிலேயே மற்றொரு விசிறிச் சக்கரத்தைப் பொருத்திக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளலாம் என்று கருதி, 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். முன்னது டர்பைன் எனவும் பின்னது கம்ப்ரஸர் எனவும் பெயர் பெறும். இரண்டும் சேர்ந்ததே டர்போ. எண்ணம் பிறந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னரே அது பயன் தந்தது. 1920-களின் நடுவில் 'ப்ராய்ஸன்', 'ஹான்ஸஸ்டாட் டான்ஸிக்' என்னும் இரு ஜெர்மன் கப்பல்களில் பூக்கியின் முறை பொருத்தப்பட்டபோது, 1750 குதிரைசக்தி தந்த டீசல் எஞ்சின்கள் 2500 தரலாயின.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சார்ந்த ஸான்ஃபோர்ட் மாஸ் என்பார் வேறொரு துன்பத்திற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். விமானம் உயரே செல்லச் செல்லக் காற்று மெலிந்து எஞ்சின் மூச்சுத் திணறும். 1918-ஆம் ஆண்டில் அவரும் அவர் குழுவினரும் லிபர்ட்டி என்னும் பன்னிரண்டு சிலிண்டர் விமான எஞ்சினொன்றை லாரியில் ஏற்றிக் கொலராடோவில் உள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டு சென்றனர். அச்சிகரம் கடல் மட்டத்திலிருந்து பதினாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்தது. சமவெளியில் 350 குதிரைசக்தி தந்த எஞ்சின், அங்கே 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்ததும் 356 தந்தது. மலையுச்சியில் குளிரில் நின்று ஒரு பொறியைச் சோதித்த அம்மனிதர்களின் ஊக்கத்தை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒரு வசதி உண்டு. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பலின் எஞ்சின் நாட்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும். அந்த ஒரு வேகத்துக்கு ஏற்ற அளவில் டர்போ ஒன்றைச் செய்து மாட்டினால் போதும். தரையில் ஓடும் எஞ்சினுக்கு அவ்வசதி இல்லை. இதனை நம் ரயில்வே குடும்பத்தார்க்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து, 1964 முதல் வாராணசியிலேயே உருவான டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினைப் பெரும்பாலோர் பார்த்திருப்பர். பதினாறு சிலிண்டர், 2600 குதிரைசக்தி, ஒரு பெரிய டர்போ. ஸ்டேஷனிலிருந்து கனத்த வண்டியை இழுக்க டிரைவர் நாட்ச் ஏற்றும்போது வானளாவக் கிளம்பும் கரும்புகையை நாம் எத்தனை முறை கண்டிருக்கின்றோம்! அப்புகையின் காரணம் இதுவே: நாட்ச் ஏறியதும் எண்ணெய் உடனே அதிகமாகப் பாய்கின்றது; டர்போச் சக்கரமோ இன்னும் வேகம் பிடிக்கவில்லை; ஆதலால் காற்றுப் போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரியாகின்றது. சில நொடிகளில் சக்கரம் சுழன்றெழ, புகை தெளிகின்றது. ரயில் எஞ்சினுக்கு அச்சில நொடிகள் பொருட்டல்ல. ஆயின் நாற்சந்தியில் லாரிக்கு முன்னே காரைத் திருப்பும் ஒருவர்க்கு அவை பொருட்டு.

இங்கேதான் சக்கரத்தின் அளவு என்னும் பிரச்சினை பிறக்கின்றது. டர்போச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. சிறியவை இரண்டு லட்சத்தையும் எட்டும். ஒரே உலோகத்தில், ஒரே வடிவத்தில் செய்த இரு சக்கரங்களுள் ஒன்றின் விட்டம் மற்றதைப்போல் இரு மடங்கு என்று கொள்வோம். பெரியதைச் சுழற்றிவிடுவதில் உள்ள தடை இரு மடங்கோ நான்கு மடங்கோ அன்று, முப்பத்திரண்டு மடங்கு! கனம் எட்டு மடங்காகின்றது. அக்கனம் அச்சிலிருந்து இரு மடங்கு தொலைவில் நிற்பதால் மேலும் நான்கு மடங்கு கூடுகின்றது. எனவே பெரிய சக்கரம் மிகுந்த காற்றைத் தரவல்லதாயினும், எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடி ஏராளமான புகையை விடும்போதுதான் விழித்தெழும். சிறிய சக்கரம் சிறிதளவு புகைக்கே துள்ளியெழும்; ஆனால் எஞ்சின் வேகம் ஏறியபின் அதன் தொண்டை அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியின்றிப் புகை எஞ்சினுக்குள்ளேயே தேங்கும். கம்ப்ரஸர் பக்கத்திலும் இவ்வாறே இரு கரைகள் உண்டு. எஞ்சினுக்கு வேண்டியதைவிட மிகப் பெரிய கம்ப்ரஸரில், குறைந்த காற்றோட்டத்தில் அழுத்தம் ஏறும்போது காற்று பின்னோக்கிப் பாய்ந்து அச்சும் தாங்கியும் அதிரும். மிகச் சிறியதில் ஒரு எல்லைக்கு மேல் எவ்வளவு சுழற்றினும் காற்று கூடாது, சூடே கூடும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் காற்றடிக்கும்போது சுடுவதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். முப்பது டிகிரி வெப்பமுள்ள காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஒரு நடுத்தரமான கம்ப்ரஸர் அமுக்குமாயின், அது ஏறத்தாழ 125 டிகிரி சூட்டோடு வெளிவரும். இச்சூடான காற்றோடு கலந்த பெட்ரோல், பொறி பற்றவைப்பதற்கு முன்பே, அல்லது தீ பரவி முடிவதற்குள், தானே வெடிக்கும். சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதனையே. நீடித்தால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும். ஆக, டர்போ வண்டியின் சக்திக்கு உண்மையான வரம்பு சக்கரம் எவ்வளவு தள்ளும் என்பதில் மட்டும் இல்லை. பிஸ்டன் எவ்வளவு தாங்கும் என்பதிலும் உள்ளது.

சாலையில் பொதுமக்கள் ஓட்டும் காருக்கு டர்போ முதன்முதலில் 1962-ஆம் ஆண்டில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் இரு கிளைகள் அவ்வாண்டில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு வண்டிகளை வெளியிட்டன. ஒன்று ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபையர். மற்றது ஷெவர்லே கார்வேர் மான்ஸா ஸ்பைடர். ஒரே வீட்டில் பிறந்தும் இரண்டின் போக்கும் வேறு வேறு.

ஜெட்ஃபையரின் எஞ்சின் 215 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர். சக்தியும் 215 குதிரை. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று கம்பெனி பெருமையோடு விளம்பரம் செய்தது. டர்போ தந்த கூடுதல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டுதான். ஆயினும் எஞ்சினின் அமுக்க விகிதத்தை 10.25-க்கு 1 என்று மிக உயர்வாகவே வைத்துவிட்டனர். நாக்கிங்கைத் தடுக்கத் தனித் தொட்டியிலிருந்து ஒரு திரவத்தைக் காற்றோடு தெளித்தனர். காய்ச்சி வடித்த நீர், மெதனால், துருப்பிடிக்காமலிருக்கச் சிறிது மருந்து, அவ்வளவே அத்திரவம். ஆனால் அதற்கு 'டர்போ ராக்கெட் திரவம்' என்று பெயர்! தொட்டி வற்றினால் எஞ்சின் கெடாதபடி ஒரு வால்வு தானே மூடி டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பொறியாளர் வேலை பழுதற்றது. பழக்கம்தான் எதிராக நின்றது. பெட்ரோல் போடுவதைத் தவிர வேறொன்றையும் நினைவில் வைக்கும் வழக்கமில்லாத மக்கள் தொட்டியை நிரப்ப மறந்தனர். பின்னர் வண்டியில் சக்தியில்லை என்று குறை கூறினர். 1963-ஆம் ஆண்டோடு ஜெட்ஃபையர் நின்றது. பின்னாளில் விரும்பியவர்களுக்கு டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக்கொடுக்கவும் கம்பெனியே முன்வந்தது.

கார்வேரின் வழி எளிமையானது. 145 கன அங்குல எஞ்சினின் அமுக்க விகிதத்தை 8-க்கு 1 என்று இறக்கினர். திரவமும் இல்லை, தொட்டியும் இல்லை. அழுத்தம் மிகுந்துவிடாமல் தடுக்கத் தனிக் கதவும் இல்லை. சைலன்சரின் எதிரழுத்தமே வரம்பாக அமைந்தது. எஞ்சின் வேகம் ஏற ஏறப் புகை சைலன்சரில் முட்டித் தேங்கும். அதனால் டர்பைன் மேலும் வேகம் பெறாது. செலவே இல்லாத கட்டுப்பாடு! சக்தி 150 குதிரை. ஆயினும் தாழ்ந்த வேகத்தில் அவ்வெஞ்சின் டர்போ இல்லாததைவிட மந்தமாகவே இருந்தது. அமுக்க விகிதம் குறைந்ததன் விலை அது. சைலன்சரை எடுத்துவிட்டு வெறுங்குழாய் வைத்த ஆர்வலர்கள் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டனர் என்பதை அறியாமல், பிஸ்டன் உடைந்த பின்னர் அறிந்தனர்.

அடுத்த பத்தாண்டுகள் அமெரிக்கச் சாலைகளில் பெரிய எஞ்சின்களின் காலம். பெட்ரோல் மலிவு, ஏழு லிட்டர் எஞ்சின் கிடைக்கும்போது டர்போ எதற்கு? ஆகவே கதை ஜெர்மனிக்கு மாறுகின்றது. 1973-ஆம் ஆண்டு பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி '2002 டர்போ' என்னும் வண்டியைக் காட்டியது. இரண்டு லிட்டர், 170 குதிரைசக்தி. அமுக்க விகிதம் 6.9-க்கு 1. முன்புறத்தில் 'டர்போ' என்ற எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக மாற்றி எழுதியிருந்தனர். முன்னே செல்பவர் தம் கண்ணாடியில் அதை நேராகப் படித்து வழிவிட வேண்டுமாம்! இந்தச் செருக்கைக் கண்டு ஜெர்மன் மக்களே முகம் சுளித்தனர். சில வாரங்களில் மேலை ஆசியப் போர் மூண்டு எண்ணெய் விலை ஏறியது. 1672 வண்டிகளோடு அத்தொடர் முடிந்தது. அதனை ஓட்டியவர்கள் கூறியது: ஏறத்தாழ 4000 சுற்று வரை ஒன்றும் நிகழாது, அதன்மேல் எல்லாம் ஒரே சமயத்தில் நிகழும்.

போர்ஷே கம்பெனி பந்தயத்தில் டர்போவை நன்கு பழகியிருந்தது. 1973-ஆம் ஆண்டில் மார்க் டானஹியூ ஓட்டிய 917/30 என்னும் பந்தய வண்டி 1100 குதிரைசக்தி தந்தது. அந்த அறிவைச் சாலைக்குக் கொணர்ந்து 1974-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் 911 டர்போவை வெளியிட்டனர். மூன்று லிட்டர், 260 குதிரைசக்தி, அமுக்க விகிதம் 6.5-க்கு 1. எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குவது. இவ்வமைப்பில் பெரிய டர்போவின் தாமதம் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வளைவொன்றில் நுழைந்தவர் பெடலை மிதிக்கின்றார், ஒன்றும் நிகழவில்லை. மேலும் மிதிக்கின்றார். ஒரு நொடி கழித்து, வளைவின் நடுவில், சக்தி முழுவதும் வந்து விழுகின்றது. அஞ்சிக் காலை எடுக்கின்றார். உடனே பாரம் முன்னே சாய, பின்பாகம் இலேசாகி வெளியே வீசப்படுகின்றது. மரத்தில் மோதும்போது வண்டி பின்னோக்கியே மோதும். 'விதவையாக்கும் வண்டி' என்று ஆங்கிலத்தில் அதற்குப் பட்டப்பெயர் வந்தது வேடிக்கைக்காக அன்று. 1978-ஆம் ஆண்டில் எஞ்சினை 3.3 லிட்டராக்கி, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரையும் சேர்த்து 300 குதிரைசக்தி ஆக்கினர். சூட்டுக்கு மருந்து கிடைத்தது, தாமதம் தொடர்ந்தது.

இதுவரை கூறிய எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: உச்ச வேகத்தில் எவ்வளவு சக்தி பெறலாம்? கேள்வியை மாற்றிக் கேட்டவர் ஸ்வீடன் நாட்டு ஸாப் கம்பெனியின் பொறியாளர் பேர் கில்பிராண்ட். ஸாப் 1969-ஆம் ஆண்டில் லாரி செய்யும் ஸ்கேனியாவோடு இணைந்திருந்தது. ஸ்கேனியா அதே ஆண்டில் 350 குதிரைசக்தி தரும் டர்போ டீசல் லாரி எஞ்சினைக் கொணர்ந்த கம்பெனி. லாரிக்காரனுக்கு உச்ச வேகத்துச் சக்தியால் பயனில்லை. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது, எஞ்சின் மெல்லச் சுழலும்போதே, இழுவை வேண்டும். கார் ஓட்டும் குடும்பத்தலைவனும் ஒருவகையில் லாரிக்காரன்தானே! பிள்ளைகளும் மூட்டைகளும் ஏற்றிச் செல்பவன் ஆண்டில் எத்தனை நிமிடம் 6000 சுற்றில் ஓட்டப்போகின்றான்?

ஆதலின் கில்பிராண்ட் வேண்டுமென்றே சிறிய டர்போவைத் தேர்ந்தெடுத்தார். குறைந்த வேகத்திலேயே அது எழும். வேகம் ஏறி அழுத்தம் வரம்பை எட்டியதும், 'வேஸ்ட்கேட்' என்னும் வடிகால் கதவு திறந்து, மிகுந்த புகையை டர்பைனுக்குள் விடாமல் புறவழியே அனுப்பிவிடும். கதவு பூக்கியின் காலத்து எண்ணங்களோடு ஒட்டியதுதான். பந்தய வண்டிகளிலும் போர்ஷேயிலும் இருந்ததுதான். ஆனால் அதைச் சிறு சக்கரத்தோடு இணைத்து, சாதாரண மனிதனின் சாலைக்காக அமைத்தது இவர் சிறப்பு. 1977-ஆம் ஆண்டில் காட்டப்பட்ட ஸாப் 99 டர்போ, இரண்டு லிட்டர் எஞ்சினில் 145 குதிரைசக்தி தந்தது. டர்போ இல்லாத அதே எஞ்சின் 118 தந்தது என்பதை நோக்கினால், ஏற்றம் 27 மட்டுமே. பி.எம்.டபிள்யூ. அதே இரண்டு லிட்டரில் 170 எடுத்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ஸாபைத் தோற்றதென்பர். என் எண்ணத்தில் மோட்டார் வரலாற்றின் மிகச் சிறந்த முடிவுகளுள் அது ஒன்று. மற்றவர்கள் கைவிட்ட டர்போ அவ்வண்டியால் நிலைபெற்றது.

சில ஆண்டுகளுக்குப் பின் ஸாப் மேலும் ஒன்று செய்தது. எஞ்சின் உடலில் ஒரு சிறு கருவியைப் பதித்து, நாக்கிங் ஓசையைக் 'கேட்க' வைத்தது. தட்டல் தொடங்கியதும் மின்னணுப் பெட்டி வேஸ்ட்கேட்டைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். தட்டல் நின்றதும் மீண்டும் ஏற்றும். தரம் குறைந்த பெட்ரோலைப் போட்டாலும் எஞ்சின் தன்னைத் தானே காத்துக்கொண்டது. ஜெட்ஃபையரின் தொட்டியை நிரப்ப மறந்தவர்களுக்கு இது இருபது ஆண்டு தாமதமாக வந்த உதவி. ஸாப் கம்பெனி 2011-ஆம் ஆண்டில் நொடித்துப்போனது. அதன் எண்ணம் ஏறத்தாழ எல்லாக் கம்பெனிகளின் கார்களிலும் உள்ளது.

பந்தயத்திலும் இதே பாடம் வேறு வழியில் கிடைத்தது. 1977-இல் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு ஒன்றரை லிட்டர் டர்போ வண்டியைக் கொணர்ந்தது. அது அடிக்கடி புகைந்து நின்றதால் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று எள்ளினர். 1979-ஆம் ஆண்டில் ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சிறியவற்றை மாட்டினர். அவ்வாண்டு டிஜோன் நகரில் வென்றனர். முப்பத்திரண்டு மடங்குக் கணக்கை நினைவிற்கொண்டால் வியப்பில்லை.

சக்தியைப் பெறும் வழி தெளிந்ததும், அதை எங்கே நிறுத்துவது என்னும் கவலை தொடங்கியது. 1986 மே 2 அன்று கார்சிகாத் தீவின் மலைச்சாலைப் பந்தயத்தில் ஹென்றி டோய்வோனனும் அவர் துணையோட்டி செர்ஜியோ கிரெஸ்டோவும் லான்சியா வண்டியோடு பள்ளத்தில் விழுந்து தீயில் மாண்டனர். அவ்வண்டியின் சிறிய எஞ்சினில் தாழ்ந்த வேகத்துக்குப் பெல்ட்டால் ஓடும் கம்ப்ரஸர், உயர்ந்த வேகத்துக்கு டர்போ என இரண்டும் இருந்தன. தாமதம் ஒழிந்திருந்தது, மனிதனின் கையும் கண்ணும் பழைய வேகத்திலேயே இருந்தன. அவ்வகை வண்டிகள் அவ்வாண்டோடு விலக்கப்பட்டன.

அதன்பின் ராலிப் பந்தயத்தார் கண்ட தடை எளிமையானது. டர்போவுக்குள் காற்று நுழையும் வாயிலில் ஒரு வளையம். 1995-ஆம் ஆண்டில் அதன் துளை 34 மி.மீ. துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதன்பின் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதல் காற்று வராது. சக்தி ஏறத்தாழ 300 குதிரையில் நிற்கும். எவ்வளவு பெரிய டர்போ வைத்தாலும் பயனில்லை. கைக்கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்க்கு நிமிடத்துக்கு முப்பது பவுண்டு என்று சரியாகவே வரும். அவ்வாண்டு ஸ்பெயினில் நடந்த காட்டலோனியாப் பந்தயத்தில் டொயோட்டா வண்டிகளின் வளையத்தைக் கழற்றிய அதிகாரிகள், வளையம் மறைவான விற்சுருள்களால் நகர்ந்து பக்கவாட்டில் காற்றை விடுவதையும், கழற்றும்போது தானே ஒழுங்காகப் பொருந்திக்கொள்வதையும் கண்டனர். அவ்வளவு நுட்பமான களவு. ஓராண்டு விலக்கு விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் மதிப்பெண்களும் பறிபோயின.

ஜப்பான் நாட்டில் சட்டமின்றியே ஒரு வரம்பு இருந்தது. 1989 முதல் 2004 வரை அந்நாட்டுக் கார்க் கம்பெனிகள் தம்முள் ஒரு கனவான் உடன்படிக்கையாக, உள்நாட்டில் விற்கும் எக்காரும் 280 குதிரைசக்திக்கு மேற்படாது என்று வைத்துக்கொண்டன. 1989-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். 2.6 லிட்டரில் இரு டர்போக்கள் கொண்டது. சக்கரம் விரைந்தெழும்படி டர்பைனை உலோகத்தில் செய்யாமல் இலேசான பீங்கான் வகைப் பொருளில் செய்தனர். அளவைக் குறைக்காமல் கனத்தைக் குறைக்கும் உபாயம் அது. தாளில் 280, அழுத்தத்தைச் சற்றே ஏற்றியவர் அதை எளிதில் கடந்தனர். பேராசையால் மேலும் ஏற்றியவர்க்குப் பீங்கான் சக்கரம் அச்சிலிருந்து பிரிந்து சிதறியது.

1993-இல் வந்த டொயோட்டா சுப்ராவின் மூன்று லிட்டர் எஞ்சினிலும் இரு டர்போக்கள். ஒன்று முதலில் எழும். வேகம் ஏறியதும் மற்றது துணைக்கு வரும். உள்நாட்டில் 280; எஃகுச் சக்கரமும் பெரிய பெட்ரோல் பீய்ச்சிகளும் கொண்டு அமெரிக்கா சென்றதற்கு 320. இதன் வார்ப்பிரும்பு உடல் மிகவும் உறுதியானது. ஆகவே ஆர்வலர்கள் இரு சிறு டர்போக்களையும் கழற்றி எறிந்து ஒரு பெரிய டர்போவை மாட்டி 600 குதிரைக்கு மேலும் எடுத்தனர். நம் இளைஞர்கள் படங்களில் பார்த்து மயங்குவது இதனையே. அவர்கள் பார்க்காதது ஒன்று. அவ்வண்டி 4000 சுற்றுக்குக் கீழே, அதாவது அன்றாடத் தெருவில், கம்பெனி செய்த வண்டியைவிட மந்தமானது. தம் பணத்தைச் செலவிட்டு 1973-ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் சென்றனர் என்று சொல்லத் தோன்றுகின்றது. போர்ஷேயோ 2006-ஆம் ஆண்டில் தன் 911 டர்போவில், டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்களை வைத்தது. மெல்ல ஓடும்போது இதழ்கள் குறுகிச் சிறு டர்போவாகவும், விரைந்தோடும்போது விரிந்து பெரிய டர்போவாகவும் ஒரே பொறி இயங்கும். டீசல் வண்டிகளில் முன்பே வந்திருந்த முறைதான். பெட்ரோல் புகையின் ஏறத்தாழ ஆயிரம் டிகிரிச் சூட்டைத் தாங்கும் உலோகத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நீளம் நான்கு மீட்டருக்குள்ளும் பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.-க்குள்ளும் அமைந்த கார்களுக்குத் தீர்வை குறைக்கப்பட்டது. டீசலுக்கு 1500 சி.சி. பின்னர் வந்த சரக்கு சேவை வரியிலும் அவ்வெல்லைகள் தொடர்ந்தன. எஞ்சினைப் பெரிதாக்கச் சட்டம் தடையானபோது கம்பெனிகள் டர்போவை நாடின. 2013-இல் வோக்ஸ்வாகன் போலோவில் 1.2 லிட்டரும், ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் ஒரு லிட்டரும் வந்தன. 2017-இல் டாடா நெக்ஸான். 2019-இல் ஹூண்டாய் வெனியூ. நம் தந்தையர் ஓட்டிய, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்சின் ஏறத்தாழ ஐம்பது குதிரைசக்தி தந்தது. வெனியூவின் 998 சி.சி. எஞ்சின் 120 தந்தது.

இவ்வெஞ்சின்களில் பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேரே தெளிக்கும் முறை பரவி வருகின்றது. அத்தெளிப்பு ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விப்பதால், அமுக்க விகிதத்தைப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் வைக்க முடிகின்றது. ஜெட்ஃபையர் தனித் தொட்டித் திரவத்தால் செய்ததைப் பெட்ரோலே செய்துவிடுகின்றது.

இத்தகைய காரில் பெரிய டர்போவை மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு விடை இப்போது கூறலாம். காற்று கூடும், ஆனால் மிகப் பிந்திக் கூடும். அக்காற்றுக்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சிகள் தர மாட்டா. தந்தாலும், 120 குதிரைக்கு என்று கணக்கிட்டுச் செய்த பிஸ்டனும், கிளட்சும், கியர்ப் பெட்டியும் தாங்கா. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கின்றது. விபத்து நேரின் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் முதலில் தேடுவது இதனையே. இவையெல்லாம் இருக்க, வெனியூ எஞ்சினின் விவரத் தாளில் 120 என்னும் எண்ணுக்குக் கீழே மற்றொரு வரி உள்ளது. முழு இழுவையும் 1500 சுற்றிலிருந்து 4000 சுற்று வரை குறையாமல் கிடைக்கும் என்பது அவ்வரி. பி.எம்.டபிள்யூ.வின் சக்கரம் விழித்தெழத் தொடங்கிய இடத்தில் இதன் வேலை முடிகின்றது. நம் காலனி வாயிலிலிருந்து கடைத்தெரு வரை எஞ்சின் ஓடுவதெல்லாம் இவ்விரு எண்களுக்கு இடையில்தான்.